பழைய லேடெக் கோப்பில் 'ழ' தேடிய மூன்று வார இறுதிகள்

நேற்று இரவு பிடிஎஃபைத் திறந்து, தேடல் பெட்டியில் 'எழுத்து' என்ற சொல்லை ரோமன் வடிவில், ழகரத்துக்குக் கீழ்க்கோடு போட்டே தட்டினேன். 63 இடங்கள் காட்டியது. மூன்று வாரத்துக்கு முன் இதே தேடலுக்குக் கிடைத்தது பூஜ்யம். நடுவில் செய்ததையும், செய்து கெடுத்ததையும் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கோப்பு, பல ஆண்டுகளுக்கு முன் நானே லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலில் தட்டிய இலக்கணக் கலைச்சொல் தொகுப்பு. 14 அத்தியாயக் கோப்புகள், ஒரு நூற்பட்டியல், ஒரு சொல்லடைவு, மொத்தம் 218 பக்கம். தமிழ்ச் சொற்கள் எல்லாம் தமிழ் லெக்சிகன் முறைப்படி ரோமன் எழுத்தில் இருக்கும். நெடிலுக்கு மேலே கோடு, ட ண ள மூன்றுக்கும் கீழே புள்ளி, ழ ற ன மூன்றுக்கும் கீழே கோடு, ஙவுக்கு மேலே புள்ளி, ஞவுக்கு மேலே நெளிகோடு. இவை போதாதென்று மேற்கோள்களில் ஐரோப்பிய அறிஞர் பெயர்கள். பிரான்சுவா க்ரோ என்று எழுதினால் 'சி'யின் அடியில் வால் வேண்டும். கமில் வாத்ஸ்லாவ் ஸ்வெலபிலின் நடுப்பெயரில் சாய்கோடு வேண்டும்.

அப்போது இவை ஒவ்வொன்றையும் கட்டளையாகத்தான் தட்டினேன். \= போட்டு எழுத்தைப் போட்டால் மேலே கோடு, \. போட்டால் மேலே புள்ளி, \' போட்டால் சாய்கோடு. கீழே வருபவற்றுக்கு எழுத்துப் பெயருள்ள கட்டளைகள்: புள்ளிக்கு \டி, கோட்டுக்கு \பி, வாலுக்கு \சி. (கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்து, இங்கே ஒலித்தபடி எழுதுகிறேன்.) 'வேற்றுமைத்தொகை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பின்சாய்கோடு, இரண்டு ஜோடி அடைப்பு. பக்கத்தில் அழகாகத்தான் விழுந்தது. பிடிஎஃபில் தேடத்தான் முடியவில்லை. நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் ழகரம் ஒரு 'எல்'லும் தனியாகக் கிடக்கும் ஒரு கோடுமாக உடைந்து வந்தது. இரண்டாம் பதிப்புக்குக் கட்டளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, நேரடி யூனிகோட் எழுத்தாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு நல்ல காரியம் முதலிலேயே செய்தேன். எதையும் தொடும் முன் முழுக் கோப்புறையையும் கிட்டில் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கருவி) போட்டு, பழைய நிலையிலேயே ஒருமுறை ஓட்டி அந்த பிடிஎஃபைத் தனியே எடுத்து வைத்தேன். இது இல்லாவிட்டால் இந்தப் பதிவே இருந்திருக்காது, புலம்பல்தான் இருந்திருக்கும்.

முதலில் கோப்புகளின் குறியாக்கம், அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற ஏற்பாடு. கட்டளைகள் மட்டும் உள்ள கோப்புகள் வெறும் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டும்), அவற்றால் தொல்லை இல்லை. ஆனால் இடையில் எப்போதோ சோம்பல்பட்டு, சில அத்தியாயங்களில் பிரெஞ்சு எழுத்துகளை நேரடியாகவே தட்டியிருந்தேன். அந்தக் கோப்புகளின் தலையில் லாட்டின்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று அறிவிப்பு இருந்தது. கோப்பின் வகை சொல்லும் கருவியும் அதையே சொன்னது. சரி என்று ஐகான்வ் என்ற மாற்றுக் கருவி கொண்டு எல்லாவற்றையும் லாட்டின்-1-இலிருந்து, யூனிகோடுக்கான குறியாக்கமான யூடிஎஃப்-8-க்கு மாற்றினேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் வளைந்த மேற்கோள்குறிகளும் நீள் கோடுகளும் காணாமல் போயின. அது விண்டோஸ் கணினியில் தட்டிய அத்தியாயம். உண்மையான குறியாக்கம் விண்டோஸ்-1252. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளில் மட்டும் வேறுபடும்: விண்டோஸ் அங்கேதான் வளைந்த மேற்கோள்களை வைத்திருக்கிறது, லாட்டின்-1-இல் அந்த இடங்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். நூற்பட்டியலில் வேறு கூத்து. அது ஏற்கெனவே யூடிஎஃப்-8. அதையும் சேர்த்து மாற்றியதில், சாய்கோடிட்ட ஆங்கில 'இ' இருந்த இடமெல்லாம் நெளிகோடு போட்ட பெரிய ஆங்கில 'ஏ'யும் பக்கத்தில் ஒரு காப்புரிமைக் குறியும் முளைத்தன. இரட்டைக் குறியாக்கத்தின் முகம் இதுதான்; ஒருமுறை பார்த்தால் மறக்காது. கிட்டில் பின்னுக்குப் போய், கோப்பு கோப்பாகக் கண்ணால் பார்த்து மறுபடி மாற்றினேன். லேடெக் 2018 ஏப்ரல் வெளியீட்டிலிருந்து யூடிஎஃப்-8-ஐத்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது, எனவே தலையிலிருந்த அறிவிப்பு வரியை நீக்கினால் போதும். இதுவரை இரண்டு மணி நேரம்.

அடுத்தது கட்டளைகளை எழுத்தாக மாற்றும் பைத்தான் நிரல். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன், ஒன்பது மணி நேரம் தின்றது.

முதல் வடிவம் வெறும் தேடி-மாற்று. இடது பக்கம் கட்டளை, வலது பக்கம் எழுத்து, ஒரு நீளப் பட்டியல். ஓட்டியதும் \யூ இருந்த வரியில் பிழை காட்டி நின்றது. அந்த வரியை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அமைதியாக முடிந்தது. திறந்து பார்த்தால் புள்ளி வைத்த ளகரம் எல்லாம் மாறியிருக்கிறது, கோடு போட்ட ழகரம் ஒன்றுகூட மாறவில்லை. கால் மணி நேரம் வெறித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பைத்தானில் மேற்கோளுக்குள் \பி என்று எழுதினால் அது பின்னகர்வுக் குறி! \வி செங்குத்துத் தாவல், \ஆர் வரித்திரும்பல், \டீ சாதாரணத் தாவல். லேடெக்கில் இந்த நான்கும் முறையே கீழ்க்கோடு, செக் மொழியின் கொக்கி, மேல் வளையம், இரண்டு எழுத்தை இணைக்கும் வில். என் நிரல் பின்னகர்வுக் குறியைத் தேடிக்கொண்டிருந்தது, அது கோப்பில் எங்கே இருக்கும்? \டி-க்கு பைத்தானில் அப்படித் தனி அர்த்தம் இல்லாததால் அது மட்டும் தப்பித்தது.

இதைவிட மோசம் \'. மேற்கோள்குறிக்கு முன்னால் உள்ள பின்சாய்கோட்டை பைத்தான் விழுங்கிவிடும். ஆகவே நிரல் தேடியது வெறும் மேற்கோள்குறியும் 'இ'யும் சேர்ந்த ஜோடியை. பிரெஞ்சு மேற்கோள்களில் அந்த ஜோடி இயல்பாகவே நிறைய வரும். அங்கெல்லாம் மேற்கோள்குறி போய் சாய்கோடிட்ட எழுத்து உட்கார்ந்தது. உண்மையில் மாறவேண்டிய இடத்திலோ எழுத்து மாறிவிட்டது, பின்சாய்கோடு மட்டும் அதன் முன்னால் அநாதையாக நின்றது.

இரண்டாம் வடிவத்தில் சுருங்குறித்தொடரும் (தேடவேண்டிய வடிவத்தை விவரிக்கும் குறிமொழி) கச்சா சரமும் (பின்சாய்கோட்டை பைத்தான் தொடாமல் விடும் மேற்கோள்). கச்சா சரம் போட்டதால் பின்னகர்வுத் தொல்லை போனது. ஆனால் சுருங்குறித்தொடரில் \பி என்றால் சொல் எல்லை, \டி என்றால் இலக்கம். இப்போது முதலில் தப்பித்த \டியும் மாட்டிக்கொண்டது. பின்சாய்கோட்டை இரட்டிப்பாக்கினால்தான் வழிக்கு வரும் என்பது தெரிந்த விஷயம்தான்; தெரிந்ததைச் செய்ய மறந்ததற்கு ஒரு மணி நேரம்.

மூன்றாம் வடிவம் அபாரமாக வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே. அடைப்பில்லாமல் தட்டிய கட்டளைகளையும் பிடிக்கட்டும் என்று, \பி-க்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் எடு என்று எழுதியிருந்தேன். 'பிகின்' என்ற கட்டளையும் \பி-யில்தானே தொடங்குகிறது? 14 கோப்பிலும் ஒவ்வொரு 'பிகின்'னும் கீழ்க்கோடிட்ட 'இ'யும் மிச்ச வாலுமாக ஆனது. 'சாப்டர்' கட்டளையின் தலையில் இருந்த \சி, அடுத்த எழுத்துக்கு வால் ஒட்டிவிட்டுப் போனது. விதி எளிது. \= \' \" \. போன்ற குறிப்பெயர்க் கட்டளைகளுக்குப் பின் எழுத்து ஒட்டி வரலாம். எழுத்துப் பெயர்க் கட்டளைகளுக்குப் பின் அடைப்போ இடைவெளியோ கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அது வேறு கட்டளை. இரண்டையும் தனித்தனி விதிகளாகப் பிரித்தேன். வெற்று அடைப்பு வந்தால் தொடாதே என்பதையும் சேர்த்தேன், ஏனென்றால் இணைய முகவரிகளில் நெளிகோடு வரவைக்க அப்படித்தான் தட்டியிருந்தேன்.

நான்காம் வடிவம் ஓடிய பிறகு கொஞ்சம் நிமிர்ந்தேன். அப்புறம் 'ஈ' மாட்டியது.

பழைய லேடெக் பழக்கம் ஒன்று உண்டு. ஆங்கில 'ஐ' எழுத்தின் மேல் கோடோ சாய்கோடோ போடுமுன் அதன் புள்ளியை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் புள்ளியும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதற்காகப் புள்ளியில்லாத ஐ தரும் \ஐ என்ற கட்டளை. எனவே என் கோப்பில் நெடில் ஈ ஒவ்வொன்றும் \=-உம் \ஐ-யும் சேர்ந்தது. நிரல் அடிப்படை எழுத்தையும், கோடு புள்ளி போன்ற ஒட்டுக்குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யூனிகோடின் என்எஃப்சி முறையில் இணைத்து ஒரே எழுத்தாக்கும். புள்ளியில்லாத ஐ-க்கும் மேற்கோட்டுக்கும் அப்படி இணைந்த எழுத்து யூனிகோடில் கிடையாது, சாதாரண ஐ-க்குத்தான் உண்டு. ஆகவே அகரத்தின் நெடில் எல்லாம் ஒரே எழுத்தாகச் சேர, ஈகாரம் எல்லாம் இரண்டு துண்டாக நின்றது. திரையில் வித்தியாசமே தெரியாது! எழுத்துகளைக் குறியெண் வாரியாக எண்ணிப் பார்த்தபோதுதான் ஈகாரம் பூஜ்யம் என்று வந்தது. ஒட்டுக்குறிக்கு அடியில் \ஐ வந்தால் முதலில் சாதாரண ஐ-யாக மாற்று என்று ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

அந்த எண்ணிக்கைதான் இந்த வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே நல்ல கருவி. பழைய கோப்பில் ஒவ்வொரு கட்டளையும் எத்தனை, புதிய கோப்பில் அதற்குரிய எழுத்து எத்தனை என்று இரண்டு பத்தி. ழகரம் பழையதில் 412, புதியதில் 405. காணாமல் போன ஏழிலும் கட்டளை ஒரு வரியின் கடைசியில், எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில். லேடெக்கின் அடியில் இயங்கும் டெக் அதைப் பொருட்படுத்தாது, என் நிரல் வரி வரியாகப் படித்ததால் தவறவிட்டது. கண்ணால் பார்த்துச் சரிபார்த்திருந்தால் இந்த ஏழையும் பிடித்திருக்கவே மாட்டேன்.

எண்ணிக்கை கூடிய இடமும் ஒன்று. மூன்றாம் அத்தியாயத்தின் அட்டவணைத் தலைப்பில் 'மீனிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'எம்' மேல் ஒரு நெடில் கோடு முளைத்திருந்தது. 'டாபிங்' என்ற பழைய அட்டவணைச் சூழலுக்குள் \= என்பது நெடில் கோடு இல்லை, தாவல் நிறுத்தம். அதற்குள் நெடில் வேண்டுமானால் \ஏ= என்று வேறு வடிவத்தில் தட்டவேண்டும். தாவல் நிறுத்தங்களை நிரல் தின்றுவிட, பத்திகள் எல்லாம் இடதுபக்கம் குவிந்தன. இப்படி நான்கே அட்டவணைகள்தான். பழைய பிரதியிலிருந்து எடுத்து, கையாலேயே சாதாரண அட்டவணையாக மாற்றினேன். ஒரு மணி நேரம்.

இரண்டாம் வார இறுதி முடிவில் எல்லாக் கோப்பும் சுத்தம். பழைய வழக்கப்படி பிடிஎஃப்-லேடெக் என்ற பழைய இயந்திரத்திலேயே ஓட்டினேன். அது ஏற்காத எழுத்துகளுக்கு ஒவ்வொன்றாக அறிவிப்பு வரி எழுதிக் கொடுத்தேன். எழுத்துருக் குறியாக்கத்தையும் டீ-1-க்கு மாற்றியிருந்தேன். ஆவலாகத் தேடினேன். க்ரோவின் பெயர் வந்தது, வாத்ஸ்லாவ் வந்தார். 'எழுத்து' பூஜ்யம்.

இது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. டீ-1 என்பது 1990-இல் கார்க் நகரில் முடிவான 256 இடங்கள் கொண்ட குறியாக்கம், அதில் உள்ளவை ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துகள். சாய்கோடு, வால், செக் கொக்கி எல்லாம் தனி எழுத்தாக உண்டு. நெடில் கோடிட்ட அகரம் இல்லை, கீழ்க்கோடிட்ட எதுவும் இல்லை. ஆகவே நான் யூனிகோடில் தட்டினாலும், என் அறிவிப்பு வரிகள் அதைப் பழைய கட்டளைக்கே திருப்பி, ஒரு 'எல்'லுக்கு அடியில் கோடு வரைந்து கொடுத்தன. மூலக்கோப்பைத்தான் சுத்தம் செய்திருந்தேன், பிடிஎஃபுக்குள் ஒன்றுமே மாறவில்லை.

எனவே லுவா-லேடெக் என்ற புதிய இயந்திரம். யூனிகோட் எழுத்துருவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் சொற்களுக்குள் ஓட்டைகள். கையிலிருந்த எழுத்துருவில் கீழ்க்கோடிட்ட எழுத்துகள் இல்லை, அதற்காக ஓட்டம் நிற்கவும் இல்லை. பதிவுக் கோப்பில் 'எழுத்து காணோம்' என்று ஒரு வரியை முனகிவிட்டு மேலே போனது. 'ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸ்' என்ற அளவை 3 என்று வைத்தால், புதிய நிறுவல்களில் அதையே பிழையாக எழுப்பி நிறுத்தும். இதை எல்லாக் கோப்பிலும் முதல் வரியாகப் போடவேண்டும் என்பது என் கட்சி. எழுத்துருவை ஜென்டியம் பிளஸ்ஸுக்கு மாற்றினேன், ஓட்டைகள் அடைந்தன. பக்கம் 218-லிருந்து 221 ஆனது. ஓட்டும் நேரம் 9 நொடியிலிருந்து 24 நொடி. முதல் ஓட்டத்தில் எழுத்துருப் பட்டியலை அது தயார்செய்ய இன்னும் கூடுதலாக எடுத்தது. தேடினேன், 'எழுத்து' வந்தது.

கூடவே எதிர்பாராத ஒன்றும் வந்தது. பழைய முறையில் ஒட்டுக்குறி வந்த இடத்துக்கு அப்பால் டெக் சொல்லை உடைக்காது. அதனால் நீளமான தமிழ்ச் சொற்கள் வலது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது அவை சாதாரண எழுத்துகள் என்பதால், ஆங்கில விதிப்படி கண்ட இடத்தில் உடையத் தொடங்கின. வேற்றுமைத்தொகை உடைந்த இடத்தைப் பார்த்தால் இலக்கண ஆசிரியர் யாரும் மன்னிக்க மாட்டார்கள். எழுத்துப்பெயர்ப்புச் சொற்களை ஏற்கெனவே சாய்வெழுத்துக்காக ஒரு தனிக் கட்டளைக்குள் வைத்திருந்தது அதிர்ஷ்டம். அந்தக் கட்டளைக்குள் சொல்லுடைப்பை அணைத்துவிட்டு, ஓரம் தாண்டிய 12 சொற்களுக்கு மட்டும் உடைக்கும் இடத்தைக் கையால் காட்டினேன். எழுத்துரு, இயந்திரம் எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம்.

நூற்பட்டியலில் மூன்று மணி நேரம் வீண். நூற்பட்டியலைத் தயாரிக்கும் பழைய பிப்டெக் பைட் பைட்டாகப் படிக்கும். முதற்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கும் பாணியில், சாய்கோடிட்ட 'இ'யில் தொடங்கும் பிரெஞ்சுப் பெயருக்கு அந்த எழுத்தின் முதல் பைட்டை மட்டும் வெட்டி எடுத்து, பாதி எழுத்தை லேடெக்கிடம் நீட்டியது. அது செல்லாத யூடிஎஃப்-8 என்று கத்தியது. அதற்குப் புதிய மாற்றான பைபருக்கு மாறினேன், ஒழுங்காக வந்தது. பிறகுதான் தெரிந்தது, பைபர் பழைய கட்டளைகளையும் தானே யூனிகோடாக மாற்றிப் படித்துக்கொள்ளும் என்று. நூற்பட்டியலை நான் தொட்டிருக்கவே வேண்டாம். தொட்டதில் ஒரு லாபம்: ஒரு ஹங்கேரியப் பெயரில் இரட்டைச் சாய்கோடு வேண்டிய இடத்தில் ஜெர்மன் இரட்டைப் புள்ளி போட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். முதல் பதிப்பில் அது அப்படியே அச்சாகியிருக்கிறது.

சொல்லடைவுக்கு ஐந்து மணி நேரம். ஒவ்வொரு பதிவிலும் @ குறிக்கு இடதுபக்கம் வரிசைப்படுத்தும் வடிவம், வலதுபக்கம் காட்டும் வடிவம். நெடில்களை இடதுபக்கமும் கட்டளையோடே தட்டியிருந்த பதிவுகள் நிறைய. நிரல் அவற்றை யூனிகோடாக்க, சொல்லடைவை வரிசைப்படுத்தும் மேக்இண்டெக்ஸ் நெடிலில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் 'இசட்'டுக்கும் பின்னால் தள்ளியது. 340 பதிவு. இடதுபக்கத்தில் மட்டும் ஒட்டுக்குறிகளை உரித்துப் போடும் தனி நிரல் எழுதினேன். அப்போதும் கிடைத்தது ஆங்கில வரிசைதான். ய ர ல வ ழ ள ற ன என்று தமிழ் நெடுங்கணக்கில் வர வேண்டுமானால் இடதுபக்கத்துக்கு எண்களால் சாவி கொடுக்கலாம், அதற்கு இந்த முறை பொறுமை இல்லை.

செலவு என்றால் நேரம் மட்டுமே, மொத்தம் 24 மணி. கருவிகள் எல்லாம் இலவசம். மறுபடி செய்தால் எழுத்துருவையும் இயந்திரத்தையும் முதல் நாளே மாற்றி, பழைய கட்டளைகளோடே லுவா-லேடெக்கில் ஓட்டிப் பார்ப்பேன். அது \=, \டி, \பி எல்லாவற்றையும் தானாகவே யூனிகோட் எழுத்தாக்கி பிடிஎஃபில் வைக்கிறது; பின்னர் சோதித்துப் பார்த்ததில் தேடலும் வேலை செய்தது. தேடல் ஒன்றுதான் நோக்கம் என்றால், அந்த ஒன்பது மணி நேர நிரல் தேவையே இல்லை. மூலக்கோப்பைப் படிக்க முடிகிறது என்பது தனி சுகம், அதற்காகச் செய்ததாக வைத்துக்கொள்கிறேன். நிரல்தான் எழுதுவது என்றாலும் சுருங்குறித்தொடரை விட்டுவிட்டு, டெக் படிப்பதுபோலவே கட்டளை கட்டளையாகப் படிக்கும் ஒன்றை எழுதுவேன். எண்ணிக்கைப் பட்டியலைக் கடைசியில் அல்ல, முதலில் போடுவேன்.

இன்று காலை கடைசியாகப் பின்னிணைப்பைத் திறந்தேன். எழுத்துப்பெயர்ப்பை எப்படித் தட்டுவது என்று முதல் பதிப்பில் விளக்கியிருந்த அரைப்பக்கம். உள்ளது உள்ளபடி காட்டும் சூழலுக்குள் இருந்த கட்டளைகளையும் நிரல் விடவில்லை. "நெடில் வர இப்படித் தட்டவும்" என்ற வரிக்கு நேரே, கட்டளை இருந்த இடத்தில் நெடில் எழுத்தே இருக்கிறது. ழகரம் வர ழகரத்தைத் தட்டவும், ளகரம் வர ளகரத்தைத் தட்டவும் என்று பட்டியல் முழுக்க அப்படியே போகிறது. திருத்தத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பதிப்புக்கு இதைவிடச் சரியான விளக்கம் எழுத வராது என்று தோன்றியதால் அப்படியே விட்டுவிட்டேன்.